விலையுயர்ந்த டிரான்ஸ்சீவரும் பெட்டிக்குள் உருண்ட திருகும்

14 மாதங்களாக என் மேசையில் இருக்கும் ஒரு எச்எஃப் டிரான்ஸ்சீவரைப் (சிற்றலையில் அனுப்பவும் கேட்கவும் உதவும் வானொலிப் பெட்டி) பற்றிய மதிப்புரை இது. 1.8 மெகாஹெர்ட்ஸ் முதல் 54 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அமெச்சூர் பேண்டுகளில் (பொழுதுபோக்கு வானொலியாளர்களுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில்) 100 வாட் வரை அனுப்பும்; ஆன்டெனாவில் வரும் அலையை நேரடியாக எண்களாக மாற்றிக் கேட்கும் வகையைச் சேர்ந்தது; அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் விலைப்பட்டியலில் மேல்வரிசையில் நிற்பது. நிறுவனத்தின் பெயரையும் மாடல் எண்ணையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் படிப்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பெயருக்கு ஆதரவாகவும் மீதிப் பேர் எதிராகவும் வாதாடத் தொடங்குவார்கள். நான் பேச வந்தது இடையில் தொலைந்துபோகும். ஒரு ஹாம், அதாவது அமெச்சூர் வானொலியாளர், தன் வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை மட்டுமே செலவிடக்கூடிய தொகையைக் கொடுத்து வாங்கும் கருவி, தொழிற்சாலையை விட்டு வெளியேறும் முன் எந்த அளவுக்குச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் என்பதே என் கேள்வி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. அதிக நிலையங்களைத் தொடர்புகொள்ளும் போட்டி நடக்கும் வார இறுதியில் 7 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் எப்படி இருக்கும் என்பது அங்கே உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும். இரண்டு கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒரு பெருநிலையம் முழங்கிக்கொண்டிருக்க, அதன் நிழலில் ஒடுங்கிக் கிடக்கும் மெல்லிய சிடபிள்யூ (மோர்ஸ்) குறியை இந்தப் பெட்டி கையில் எடுத்துக் கொடுப்பதுபோல் தனியாகப் பிரித்துக் கொடுக்கிறது. என் பழைய பெட்டியில் அதே சூழலில் பக்கத்து நிலையத்தின் ஒவ்வொரு குறிக்கும் பின்னணி இரைச்சல் ஏறி இறங்கும். உள்ளே இருக்கும் அலைவாக்கி சிறிது நடுங்குவதால் வரும் கட்ட இரைச்சல் அது. இதில் அந்த ஏற்ற இறக்கமே இல்லை. பெரிய டயலைச் சுண்டிவிட்டால் எண்ணெயில் சுழல்வதுபோல் ஓடி மெதுவாக நிற்கிறது. திரையில் அலைவரிசை அருவியாக வழிவதைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலையைக் கழித்துவிடலாம். வடிவமைத்தவர்கள் தங்கள் தொழிலை நன்கு அறிந்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. என் குறை எல்லாம் அவர்கள் வரைந்ததைப் பொருத்தி, சோதித்து, மூடி ஒட்டி அனுப்பியவர்களின் மேல்தான்.

பெட்டியைப் பிரித்த நாளில் கருவியைத் தூக்கி மேசையில் வைக்கும்போது உள்ளே ஏதோ உருண்டது. இடப்புறம் சாய்த்தால் பின்மூலைக்கும், வலப்புறம் சாய்த்தால் முன்மூலைக்கும் ஓடும் சத்தம், சோழி உருளும் சத்தம் போல. மின்சாரம் கொடுக்கும் முன் இந்தச் சத்தம் கேட்டது என் அதிர்ஷ்டம். மூடியைத் திறந்தால் வாரண்டி போய்விடுமோ என்ற பயத்தில் விற்றவருக்கு எழுதினேன். திறந்து பார்க்கலாம், வாரண்டி பாதிக்காது என்று எழுத்திலேயே பதில் வாங்கிய பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். முன்பலகைக்கும் அதன் பின்னால் இருக்கும் போர்டுக்கும் நடுவே, வாஷரோடு சேர்ந்த 3 மில்லிமீட்டர் திருகு ஒன்று கிடந்தது. எங்கிருந்து கழன்றது என்று தேடியபோது, வெளியீட்டு டிரான்சிஸ்டரை, வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க்கோடு இறுக்கிப் பிடிக்கும் இரண்டு திருகுகளில் ஒன்றின் துளை காலியாக இருந்தது. துளையின் மரைகளில் திருகு ஏறி இறங்கியதற்கான தடமே இல்லை. கழன்று விழுந்த திருகு அல்ல அது. ஏற்றப்படாமலேயே உள்ளே விழுந்து, அப்படியே மூடப்பட்டுவிட்ட திருகு.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுக்கும் கருவி எடுத்துக்கொள்ளும் திறன் 276 வாட். அதில் 100 வாட் ஆன்டெனாவுக்குப் போனால் மீதி 176 வாட்டும் பெட்டிக்குள் வெப்பமாக மாற வேண்டும், அதில் பெரும்பங்கு அந்த வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். குரலை அனுப்பும் எஸ்எஸ்பி முறையில் பேசும்போது சொற்களுக்கு இடையில் மூச்சு விடும் நேரம் இருக்கிறது. 2017-இல் வந்து இன்று எல்லாப் பேண்டையும் நிறைத்திருக்கும் எஃப்டி8 என்ற கணினிவழிக் குறிமுறையிலோ 15 விநாடிச் சுற்று ஒன்றில் ஏறத்தாழ 12.6 விநாடிகள் இடைவிடாமல் முழுத் திறன் போகும். பாதி இறுகிய டிரான்சிஸ்டர் அதை எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையில்லை. திருகை நானே இறுக்கினேன்.

இரண்டாவது குறை சிறியது, ஆனால் எனக்கு முதலாவதைவிட அதிக எரிச்சலைத் தந்தது. அலைவெண் துல்லியம் பத்து லட்சத்தில் 0.5 பங்குக்குள் இருக்கும் என்று கையேடு சொல்கிறது. கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸிலிருந்து துல்லியமான அலைவெண்ணோடு 10 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் டபிள்யூடபிள்யூவி நேரநிலையத்தைப் பிடித்துப் பார்த்தபோது 19 ஹெர்ட்ஸ் தள்ளி இருந்தது. ஜிபிஎஸ் கட்டுப்பாட்டில் ஓடும் என் அலைவாக்கியும் அதே எண்ணைச் சொன்னது. பத்து லட்சத்தில் 1.9 பங்கு, அதாவது சொன்னதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. பேச்சில் இதை யாரும் உணரமாட்டார்கள். ஆனால் 28 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் இதே பிழை 53 ஹெர்ட்ஸாகவும் 50 மெகாஹெர்ட்ஸில் 95 ஹெர்ட்ஸாகவும் பெருகும். மொத்தமே 200 ஹெர்ட்ஸ் அகலமுள்ள சன்னலுக்குள் எல்லாரும் நெருக்கியடித்து நிற்கும் டபிள்யூஎஸ்பிஆர் (குறைந்த திறனில் அலை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று சோதிக்கும்) முறையில் அது கண்ணில் குத்தும். சரிசெய்ய மெனுவிலேயே ஒரு வழி இருக்கிறது. எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. எரிச்சலுக்குக் காரணமும் அதுதான். இரண்டு நிமிட வேலையைக்கூடச் செய்யாமல் அனுப்பியவர்கள், இருபது நிமிட வேலைகளில் எதையெல்லாம் விட்டிருப்பார்கள் என்ற சந்தேகம் அன்றே மனதில் விழுந்துவிட்டது.

சந்தேகம் வீண்போகவில்லை. மூன்றாவது குறையைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வாரங்கள் ஆயின, ஏனென்றால் அது இயற்கையின் முகமூடியை அணிந்துகொண்டு வந்தது. மாலையில் 21 மெகாஹெர்ட்ஸில் உட்காருவேன், நன்றாகக் கேட்கும், முக்கால் மணி நேரம் போவதற்குள் நிலையங்கள் ஒவ்வொன்றாக மெலியும், இரைச்சலும் அடங்கும். அந்தி சாயும்போது 21 மெகாஹெர்ட்ஸ் மூடுவது, அதாவது தொலைதூர நிலையங்கள் கேட்காமல் போவது, வழக்கம்தான் என்பதால், அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தைக் குறைசொல்லிவிட்டு எழுந்துபோவேன். பிறகு கேபிளைச் சந்தேகித்தேன், கனெக்டரை அவிழ்த்து மீண்டும் சால்டர் வைத்தேன், ஆன்டெனாவையே இறக்கிப் பார்த்தேன். ஒரு நாள் சுவிட்சைத் திருப்பி அதே ஆன்டெனாவைப் பழைய பெட்டிக்குக் கொடுத்தபோது, மூடிவிட்டதாக நான் நம்பிய பேண்ட் அதில் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தது.

சிக்னல் ஜெனரேட்டரை இணைத்து மைனஸ் 73 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டுக்கு 73 டெசிபெல் கீழே) கொடுத்தேன். 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, சிக்னலின் வலிமையைக் காட்டும் முள் மீட்டரில் எஸ்9 என்பது இந்த அளவுதான் என்று பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியத்தின் முதல் மண்டலம் 1981-இல் பரிந்துரைத்தது. 50 ஓம் உள்ளீட்டில் 50 மைக்ரோவோல்ட். குளிர்ந்த நிலையில் முள் சரியாக எஸ்9-இல் நின்றது. 40 நிமிடம் கழித்து எஸ்7-க்குக் கீழே இறங்கியிருந்தது. பழைய இடத்துக்குக் கொண்டுவர ஜெனரேட்டரை 11 டெசிபெல் ஏற்ற வேண்டியிருந்தது. மற்றப் பேண்டுகளில் அசைவே இல்லை. மூடியின் வலப்பக்கத்தை விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினேன். முள் துள்ளி எஸ்9-க்குப் போய், சில விநாடிகளில் மீண்டும் சரிந்தது. பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்த எவரும் இந்தக் காட்சியைப் பார்த்தவுடன் சொல்லும் சொல் ஒன்று உண்டு: டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு.

சர்வீஸ் பற்றியும் சொல்ல வேண்டும். முதல்முறை அனுப்பியபோது மூன்று வாரம் கழித்து, குறை எதுவும் காணப்படவில்லை என்ற ஒருவரிக் குறிப்போடு திரும்பி வந்தது. அலமாரியிலிருந்து எடுத்து, இணைத்து, பத்து நிமிடம் பார்த்திருப்பார்கள். குளிர்ந்த பெட்டி நன்றாகத்தான் நடந்துகொண்டிருக்கும். இரண்டாம்முறை அனுப்பும்போது ஒரு பக்கக் கடிதத்தை மூடியின் மேலேயே ஒட்டினேன். மூடியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் ஓடவிட்ட பிறகு 21 மெகாஹெர்ட்ஸில் மட்டும் அளந்து பாருங்கள், தட்டும் முன்னும் பின்னும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று அதில் எழுதியிருந்தேன். நான்கு வாரத்தில் சரியாகி வந்தது: அந்தப் பேண்டின் உள்ளீட்டு வடிகட்டியில் ஒரு சுருளின் காலில் சால்டர் முழுமையாகப் பிடிக்கவில்லையாம். பிழையைக் கண்டுபிடிப்பது, அதை மீண்டும் நிகழச்செய்வது, சோதிக்கும் முறையை எழுதிக் கொடுப்பது என்று ஒரு தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் செய்ய வேண்டிய மூன்று வேலைகளையும், பணம் கொடுத்து வாங்கிய நானே செய்திருக்கிறேன். கருவியை அனுப்பிவைத்த கூலியும் இரண்டு முறையும் என்னுடையது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஹாம்கள் பேசும்போது இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். இதே கருவியில் திறனை 30 வாட்டுக்குக் குறைத்து வைத்தாலும், அனுப்பத் தொடங்கும் முதல் சில மில்லிவிநாடிகளில் அதைவிடப் பலமடங்கு உயர்ந்த ஒரு முனை எழுந்து அடங்குகிறது. கருவியின் திறனைப் பெருக்கும் லீனியர் ஆம்ப்ளிஃபயரின் பாதுகாப்புச் சுற்று அதைக் கண்டு சில வேளை இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. திறனைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஏஎல்சி சுற்று விழித்துக்கொள்ளும் முன் நடப்பது இது. எனக்குத் தெரிந்த இன்னொருவரின் பெட்டியிலும் அப்படியேதான் இருக்கிறது. எல்லாப் பெட்டிகளிலும் ஒரே மாதிரி இருக்கும் குறை வடிவமைப்பைச் சேர்ந்தது. வாங்கும் முன் படித்துத் தெரிந்துகொள்ளலாம், பிடிக்காவிட்டால் வாங்காமல் இருக்கலாம். என் பெட்டியில் மட்டும் இருக்கும் குறையை வாங்கும் முன் எங்கும் படிக்க முடியாது. அதிலிருந்து வாங்குபவரைக் காக்க வேண்டியவர் தொழிற்சாலையின் கடைசி மேசையில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர்தான்.

மதிப்புரைகளின் எல்லையும் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்க அமெச்சூர்களின் சங்கமான ஏஆர்ஆர்எல், தன் க்யூஎஸ்டி இதழில் வெளியிடும் மதிப்புரைகளுக்கான கருவிகளை நிறுவனத்திடமிருந்து இலவசமாக வாங்காமல் கடையில் விலை கொடுத்தே வாங்குகிறது. பொறுக்கியெடுத்த மாதிரியை நிறுவனம் அனுப்பிவிடக்கூடாது என்ற அந்த எச்சரிக்கையை மதிக்கிறேன். ராப் ஷெர்வுட் பல ஆண்டுகளாகப் பராமரிக்கும் ரிசீவர் அளவீட்டுப் பட்டியலில், இரண்டு கிலோஹெர்ட்ஸ் தள்ளி முழங்கும் நிலையத்தை ரிசீவர் எவ்வளவு தாங்குகிறது என்ற எண்ணைப் பார்க்காமல் இன்று யாரும் பெரிய தொகையை நீட்டுவதில்லை. ஆனால் இந்த எண்கள் பொதுவாக ஒரு மாடலுக்கு ஒரு பெட்டியை அளந்து கிடைப்பவை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். எல்லாப் பருக்கையும் ஒரே தண்ணீரில் ஒரே தீயில் வெந்ததால் அது சரி. சர்க்யூட் போர்டுகளில் ஒவ்வொரு இணைப்பும் தனித்தனிப் பருக்கை. பட்டியலில் மேலே இருக்கும் பெட்டிக்கும் உங்கள் வீட்டுக்கு வரும் பெட்டிக்கும் இடையே, ஏற்றாத ஒரு திருகு இருக்கலாம்.

தயாரிப்பவர்களின் பக்கத்தையும் யோசிக்காமல் இல்லை. ஒரு போர்டில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் இருக்கின்றன. ஈயம் கலந்த பழைய சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகியது. 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை நடைமுறைக்கு வந்த பிறகு பரவிய ஈயமில்லாத வகைகளுக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். நல்ல இணைப்பே மங்கலாகவும் சொரசொரப்பாகவும் தெரிவதால், பளபளப்பைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் பழைய கண்ணுக்கு வேலை கடினமாகிவிட்டது. கருவியைச் சூடாக்கி ஒரு மணி நேரம் ஓடவிட்டு அளப்பதற்கு இடமும் ஆளும் வேண்டும்; அந்தச் செலவை எல்லாப் பெட்டிகளுக்கும் செய்வதைவிட, கெட்டுப்போன சில பெட்டிகளைப் பின்னால் பழுதுபார்ப்பது மலிவு என்று யாராவது கணக்குப் போட்டிருக்கலாம். மலிவான கைவானொலிக்கு அந்தக் கணக்கு பொருந்தும். அதில் குறை இருந்தால் நானும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவேன். உச்ச விலைக்கு விற்கும் கருவிக்கும் அதே கணக்கைப் போடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. மின்னணுப் பொருத்துவேலைக்கான ஐபிசி-ஏ-610 தரம் மூன்று வகுப்புகளை வகுத்திருக்கிறது: முதலாவது சாதாரண வீட்டுப் பொருள்களுக்கு, இரண்டாவது நீண்ட நாள் நம்பகமாக ஓட வேண்டிய கருவிகளுக்கு, மூன்றாவது நின்றால் உயிருக்கே ஆபத்து என்ற இடங்களுக்கு. நான் மூன்றாவதைக் கேட்கவில்லை. எந்த வகுப்புக்கு ஏற்பத் தயாரித்தோம் என்று விற்பனைத் தாளில் ஒரு வரி எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நம் பங்கும் இதில் இருக்கிறது. கையால் கட்டிப் பழகியவர்களின் வாரிசுகள் நாம். பெட்டியில் குறை வந்தால் கோபம் வருவதற்கு முன் ஆர்வம் வந்துவிடுகிறது. ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறோம். நானே அந்தத் திருகை இறுக்கியபோது ஒரு சின்னப் பெருமை அடைந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அந்தப் பெருமையில்தான் நிறுவனங்கள் குளிர்காய்கின்றன. கூடவே, இவ்வளவு பணம் கொடுத்தோம் என்பதாலேயே வாங்கியதைக் குறைசொல்ல மனம் வராமல், உன்னுடையதில் இருக்கலாம், என்னுடையது தங்கம் என்று வாதாடுகிறவர்களும் நம்மில் அதிகம்.

இந்தக் கருவியை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வாங்கலாம், ஆனால் திருப்பிக் கொடுக்கும் உரிமையை எழுத்தில் தரும் டீலரிடம் மட்டும், அதுவும் புதிய மாடலின் முதல் தொகுதி விற்றுத் தீர்ந்த பிறகு. வந்த அன்றே மின்சாரம் கொடுக்கும் முன் சாய்த்துக் கேளுங்கள். டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வாங்கிக்கொள்ளும் சுமை) ஒவ்வொரு பேண்டிலும் திறனை அளந்து எழுதுங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அதையே மீண்டும் அளந்து எழுதுங்கள். ரிசீவரையும் அப்படியே சூட்டுக்கு முன்னும் பின்னும் பாருங்கள். ஜெனரேட்டர் இல்லாவிட்டால் பழைய பெட்டியை ஒரே ஆன்டெனாவில் மாற்றி மாற்றிக் கேட்டாலே பெரிய குறைகள் சிக்கிவிடும். ஒவ்வொரு குமிழையும் பொத்தானையும் ஒருமுறை தொட்டுவிடுங்கள். திருப்பும் கெடு முடிவதற்குள் இவ்வளவையும் முடித்துவிட வேண்டும், பேண்ட் எவ்வளவுதான் கூப்பிட்டாலும்.

புதிய பெட்டியோடு வந்த பரிசோதனைச் சீட்டு உள்ளங்கையில் பாதி அளவு இருந்தது. ஒரு வட்ட முத்திரை, ஒரு சுருக்கெழுத்து, தேறியது என்ற பொருளில் ஒரு சொல், எண் ஒன்றுகூட இல்லை. இரண்டாம்முறை சர்வீஸிலிருந்து திரும்பியபோது கருவியோடு ஒரு முழுத் தாள் வந்தது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஒவ்வொரு பேண்டிலும் ரிசீவரின் உணர்திறன், வெளியீட்டுத் திறன், அலைவெண் பிழை என எல்லாவற்றையும் யாரோ பேனாவால் கட்டம் போட்டு எழுதியிருந்தார். 21 மெகாஹெர்ட்ஸ் வரிக்கு மட்டும் இரண்டு முறை அளந்து, தட்டிய பிறகும் மாற்றமில்லை என்று ஓரத்தில் குறித்திருந்தார். அந்தத் தாளைத் தயாரிக்க அவருக்கு அரைநாள் ஆகியிருக்கும். முத்திரைச் சீட்டை எறிந்துவிட்டு, அந்த முழுத் தாளைக் கருவியின் கையேட்டுக்கு முதல் பக்கமாக ஒட்டி வைத்திருக்கிறேன்.